ராணியும் கறிவேப்பிலையும்: ஒரு ரேபிட் சதுரங்க ஆட்டம் எப்படி இயங்குகிறது?

இட்லிக்குக் காலையில் யாரும் அரிசி ஊறப்போடுவதில்லை. ஏழு மணிக்குத் தட்டில் இட்லி விழ வேண்டுமென்றால் முந்தின நாள் மத்தியானமே அரிசியும் உளுந்தும் ஊறியிருக்க வேண்டும். சாயங்காலம் கிரைண்டர் ஓடி முடிந்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க மாவு தன்பாட்டுக்குப் பொங்கியிருக்க வேண்டும். காலையில் நடப்பதெல்லாம் ஊற்றி, மூடி, இறக்குகிற பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அதை மட்டும் பார்த்துவிட்டு விருந்தாளி ஒருவர் "என்ன வேகம்!" என்று வியந்தால் அந்த வீட்டு அம்மா பதில் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டே சட்னியை எடுத்து வைப்பார்.

ரேபிட் சதுரங்கம் பார்க்கிறவர்களில் பலரும் அந்த விருந்தாளி மாதிரிதான் வியக்கிறார்கள். ஆளுக்கு 25 நிமிஷம், அதற்குள் உலகப் பட்டம் யாருக்கு என்று முடிந்துவிடுகிறது, எவ்வளவு வேகமாக யோசிக்கிறார்கள் பார் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யோசனையில் பெரும்பங்கை வருஷக்கணக்கில் முன்கூட்டியே முடித்துவிட்டுத்தான் அவர்கள் வந்து உட்காருகிறார்கள். மேஜையில் செய்வது, எதையெல்லாம் யோசிக்காமல் விடலாம் என்று பொறுக்குவது. சாமர்த்தியம் அந்த விடுவதில் இருக்கிறது. ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்து அடுப்படியில் வைத்துப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

நான் எடுத்துக்கொள்வது 2016 நவம்பர் 30 அன்று நியூயார்க்கில் உலகப் பட்டத்துக்காக நடந்த ஆட்டம். இடம் ஃபுல்டன் மார்க்கெட் கட்டடம், ஒரு காலத்தில் மீன் சந்தைக்குப் பேர்போன வட்டாரம். வெள்ளைக் காய்களோடு மேக்னஸ் கார்ல்சன், 2013-இல் நம் சென்னைக்கு வந்து ஆனந்திடமிருந்து உலகப் பட்டத்தைக் கொண்டுபோன அதே நார்வேக்காரர். எதிரே கருப்புக் காய்களோடு ரஷ்யாவின் செர்கெய் கர்யாகின், 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர். எவ்வளவு மோசமான நிலையையும் தூக்கி நிறுத்திவிடுவார் என்று பெயர் எடுத்தவர்.

அதற்கு முன் நிதானமான ஆட்டங்கள் 12 நடந்திருந்தன. எட்டாவதில் கர்யாகின் ஜெயித்தார், பத்தாவதில் கார்ல்சன் ஜெயித்தார், மற்றதெல்லாம் டிரா. ஆறுக்கு ஆறு. பன்னிரண்டாவது ஆட்டத்தைக் கார்ல்சன் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஆடி டிரா செய்துவிட்டு எழுந்து போனார். பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள் நொந்துகொண்டார்கள். அவருக்கோ வேறு கணக்கு. மறுநாள் ஓய்வு, அதற்கு மறுநாள் நான்கு ரேபிட் ஆட்டங்கள், அந்த அடுப்படி தன்னுடையது என்ற நம்பிக்கை. ரேபிட்டில் முதல் இரண்டும் டிரா. மூன்றாவதில் கார்ல்சன் கருப்பில் ஜெயித்தார். ஆக, நாம் பார்க்கப்போகிற நான்காவது ஆட்டத்தில் கார்ல்சனுக்கு டிரா போதும். கர்யாகின் ஜெயித்தே ஆக வேண்டும். இந்த ஒரு வரியை மனதில் இருத்திக்கொள்ளுங்கள், ஆட்டம் முழுக்க அதுதான் அடுப்பின் சூடு.

காய்களின் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊருக்கு ஊர் மாறுகிறது. மூலையில் நின்று நேராகப் போவது யானை, குறுக்கே சாய்வாகப் போவது மந்திரி. ராஜா, ராணி, குதிரை, சிப்பாய் இவற்றில் யாருக்கும் தகராறு இல்லை. கட்டங்களுக்கும் பெயர் உண்டு: வெள்ளையின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை பாதைகள், கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை வரிசைகள்.

சிலிண்டர் கணக்கு

சதுரங்கக் கடிகாரத்தை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுப்படி, இரண்டு சமையல்காரர்கள், ஆளுக்கு ஒரு சிலிண்டர். ஒருவருடைய அடுப்பு எரியும்போது மற்றவருடையது அணைந்திருக்கும். நீங்கள் ஒரு வேலையை முடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் உங்கள் அடுப்பு அணையும், எதிராளியுடையது பற்றிக்கொள்ளும். யாருடைய சிலிண்டர் காலியாகிறதோ அவர் தோற்றார், சட்டியில் இருப்பது எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி. (எதிராளியிடம் செக்மேட் செய்யவே வழியில்லாத அளவுக்குக் காய் தீர்ந்திருந்தால் மட்டும் டிரா.) காயை நகர்த்திய அதே கைதான் பொத்தானையும் அழுத்த வேண்டும். தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும். போட்ட உப்பை எடுக்க முடியாது என்பது இங்கே எழுதி வைத்த சட்டம்.

சிலிண்டரில் 25 நிமிஷம். கூடவே ஒரு சலுகை உண்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி திரும்பச் சேரும். ஒரு பண்டத்தை இறக்கி வைக்கும்போதெல்லாம் யாரோ வந்து சிலிண்டரில் ஒரு கரண்டி காஸ் ஊற்றிவிட்டுப் போவது மாதிரி. இந்த ஏற்பாட்டைச் சொன்னவர் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர். 1992-இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி ஆடியபோது இந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் ஆடினார். அதற்கு முன்பெல்லாம் கெட்டியாக ஜெயிக்கிற நிலையில் இருப்பவர்கூட முள் பன்னிரண்டைத் தொட்டுச் சின்னக் கொடி விழுந்ததும் தோற்றுப்போவார். இப்போது கைவசம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த 10 விநாடியில் வண்டி ஓட்டலாம். அன்றாடங்காய்ச்சிப் பிழைப்புதான், ஆனாலும் பிழைப்பு. அன்று இரண்டாவது ரேபிட் ஆட்டத்தில் கர்யாகின் அப்படித்தான் பிழைத்தார். விநாடிகளில் உயிரைப் பிடித்துக்கொண்டு 84 நகர்த்தல் வரை இழுத்து, கடைசியில் ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆனால் நகர்த்தவும் வழியில்லை) ஆக்கி டிரா வாங்கிவிட்டார்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்படி, ஆரம்ப நேரத்தோடு 60 நகர்த்தலுக்கான கூடுதல் விநாடிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 10 நிமிஷத்துக்கு மேல், 60 நிமிஷத்துக்குள் வந்தால் ரேபிட். இங்கே 25-உம் 10-உம் சேர்ந்து 35. 10 நிமிஷமோ அதற்கும் குறைவோ ஆனால் பிளிட்ஸ், அது ராத்திரி பதினோரு மணிக்குத் தள்ளுவண்டியில் கொத்துப் பரோட்டா போடுகிற சமாச்சாரம். சத்தமே பாதி ருசி.

கணக்கை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இந்த நான்காவது ஆட்டம் 50 நகர்த்தலில் முடிந்தது. 25 நிமிஷத்தோடு 500 விநாடியைக் கூட்டினால் 2,000 விநாடி. ஒரு நகர்த்தலுக்குச் சராசரி 40 விநாடி. முந்தைய 12 நிதான ஆட்டங்களில் முதல் 40 நகர்த்தலுக்கு 100 நிமிஷமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும் உண்டு, அங்கே சராசரி 3 நிமிஷம். மூன்று நிமிஷத்துக்கும் நாற்பது விநாடிக்கும் உள்ள தூரம், வத்தக்குழம்பை எண்ணெய் பிரிய விட்டு இறக்குவதற்கும் பந்தியில் இலை போட்டபின் ரசத்தைக் கூட்டுவதற்கும் உள்ள தூரம்.

ஆனால் யாரும் எல்லா நகர்த்தலுக்கும் சமமாக 40 விநாடி செலவழிப்பதில்லை. வெங்காயம் நறுக்க யோசனை எதற்கு? கடுகு வெடிக்கும்போது மட்டும் கண் அங்கே இருந்தால் போதும். நல்ல ஆட்டக்காரர் முதல் பத்துப் பன்னிரண்டை மளமளவென்று ஆடி, கிடைக்கிற 10 விநாடிகளைச் சேமித்து, ஆட்டத்தில் எங்கோ ஒளிந்திருக்கிற இரண்டு மூன்று முடிச்சுகளுக்கு அதைக் கொட்டுகிறார். முடிச்சு எது என்று அடையாளம் காண்பதுதான் ரேபிட்டின் பெரிய வித்தை. இதில் நான் பெரிய தோல்விக்காரன். வார இறுதிப் போட்டி ஒன்றில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், இரண்டு யானைகளில் எதை நடுப்பாதைக்குக் கொண்டுவருவது என்று ஆறு நிமிஷம் யோசித்தேன். இரண்டும் ஒன்றுதான், எதை வைத்திருந்தாலும் பாதகமில்லை. பிற்பாடு எதிராளி நிஜமாகவே ஒரு பொறி வைத்தபோது கடிகாரத்தில் இருந்தது 14 விநாடி. புளியை எவ்வளவு கரைப்பது என்று நின்றுகொண்டே இருந்து கடுகைக் கருகவிட்ட கதை.

முந்தின ராத்திரி அரைத்த மாவு

கார்ல்சன் ஈ4 என்று ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயைத் தள்ளினார். கர்யாகின் சி5 என்றார், சிசிலியன். சதுரங்கம் அறிந்தவர்களுக்கு இந்த ஒரு பதிலிலேயே செய்தி இருந்தது. கர்யாகினின் அன்றாடச் சாப்பாடு ஈ5, கதவைச் சாத்திக்கொண்டு கெட்டியாகத் தடுக்கிற ஆட்டம். தடுத்து டிரா செய்தால் இன்றைக்குப் பட்டம் போய்விடும். ஆகவே வழக்கமாகச் சமைக்காத காரமான பண்டத்தை எடுத்துப் போட்டார். சிசிலியனில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, சண்டைக்கு நிறைய இடம் உண்டு, யாராவது ஒருவர் கையைச் சுட்டுக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

கார்ல்சன் அந்தக் காரத்தைச் சாப்பிட மறுத்தார். ஐந்தாவது நகர்த்தலில் பெரும்பாலோர் குதிரையை சி3-க்குக் கொண்டுவருவார்கள். அவர் எஃப்3 என்று ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். சப்பென்று இருக்கும். ஆனால் ஈ4 சிப்பாய்க்கு அதிலேயே காவல் கிடைத்துவிட்டது, குதிரை அதற்காக சி3-இல் போய் நிற்க வேண்டியதில்லை, அதனால் இரண்டு நகர்த்தல் கழித்து சி4 தள்ள வழி கிடைத்தது. சி4, ஈ4 இரண்டிலும் சிப்பாய் நின்றால் நடுவிலுள்ள டி5 கட்டத்தில் கருப்பு மூச்சுவிட முடியாது. மரோட்ஸி என்ற ஹங்கேரிக்காரர் பெயரால் இதை மரோட்ஸி பிடி என்பார்கள். குக்கருக்கு வெயிட் போட்டுத் தீயைத் தணித்து வைப்பது போல. வெடிக்காது, ஆறவும் செய்யாது.

இதையெல்லாம் மேஜையில் கண்டுபிடிக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். எதிராளி ஜெயித்தாக வேண்டிய நெருக்கடியில் சிசிலியனுக்குப் போனால் என்ன செய்வது என்பது அரைத்து, புளிக்கவைத்து, மூடி வைத்திருந்த மாவு. கரண்டியால் எடுத்து ஊற்றியதுதான் பாக்கி.

மாவு என்றால் முதல் பத்து நகர்த்தல் மனப்பாடம் மட்டுமில்லை. பல்லாயிரம் ஆட்டங்களைப் பார்த்தும் ஆடியும் சேர்ந்த கண் பழக்கம் அது. நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் டி க்ரூட், தானும் நல்ல ஆட்டக்காரர், இதை முதலில் ஆராய்ந்தார். பிறகு 1973-இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி, மூடிவிட்டு, திருப்பி அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பகுதியை அடுக்கிவிட்டார், கற்றுக்குட்டி நாலைந்து காயோடு நின்றார். அடுத்து அதே காய்களைத் தாறுமாறாகப் பலகையில் இறைத்துக் காட்டினார்கள். இப்போது தேர்ந்தவரும் ஏறக்குறையக் கற்றுக்குட்டி அளவுக்குத்தான் அடுக்கினார். அவருக்கு ஞாபகசக்தி அதிகம் என்பதல்ல விஷயம், காய்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டுக் கூட்டாகப் பார்க்கிறார். நம் அம்மாக்கள் கொதிக்கிற சாம்பாரை அடுத்த அறையிலிருந்தே மோந்து "உப்பு போடலையா?" என்று கேட்பார்களே, அந்த மாதிரி. பருப்பு, புளி, பெருங்காயம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதில்லை. சாம்பார் வாசனை சரியில்லை, அவ்வளவுதான்.

40 விநாடியில் நடப்பது பெரும்பாலும் இந்த மோப்பம். கணக்குப் போடுவது, மோப்பம் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்லும்போது மட்டும்.

கிண்டிக்கொண்டே இருப்பது

20-ஆவது நகர்த்தலுக்குப் பிறகு கொஞ்ச நேரம் பார்த்தவர்களுக்குக் கொட்டாவி வந்திருக்கும். கார்ல்சனின் குதிரை பி4-இலிருந்து சி2-க்குப் போனது, மறுபடி பி4, மறுபடி சி2. கர்யாகினின் யானை இடது ஓரப் பாதையில் ஏ3-க்கு ஏறி, ஏ6-க்கு இறங்கி, ஏ5-இல் நின்றது. அல்வா கிண்டுகிறவரைப் பார்த்து "ஏன் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்?" என்று கேட்க முடியுமா? கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும். இங்கே கிண்டலுக்கு இன்னொரு லாபமும் உண்டு, ஒரு விநாடியில் ஆடினால் ஒன்பது விநாடி மிச்சம். அதைவிடப் பெரியது, முடிவெடுக்கிற பாரம் எதிராளி தலையில் போய் உட்காருகிறது. டிரா கார்ல்சனுக்குப் போதும், அவர் நாள் முழுக்கக் கிண்டுவார். ஏதாவது செய்தாக வேண்டியவர் கர்யாகின்.

இது இரண்டு இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. முதலாவது 34 முதல் 36 வரை. கர்யாகின் தன் யானை ஒன்றைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு குதிரையையும் இரண்டு சிப்பாய்களையும் வாங்கினார். வழக்கமான காய் மதிப்பை வைத்துக் கூட்டிக் கழித்தால் சரிக்குச் சரிதான். ஆனால் பலகை சமநிலை குலைந்து கிடந்தால்தான் ஜெயிக்க வழி பிறக்கும், அவருக்கு வேறு போக்கு இல்லை. இரண்டாவது 39-இலிருந்து 42 வரை. கருப்பு யானை ஏ3, ஏ2, ஏ3 என்று போய்வர, வெள்ளை யானை டி3, டி2, டி3 என்று பதில் சொன்னது. ஒரே நிலை இரண்டு முறை வந்துவிட்டது, மூன்றாம் முறை வந்தால் டிரா கேட்கலாம். வேறு எந்த நாளாக இருந்தாலும் கர்யாகின் அந்த டிராவைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போயிருப்பார். அன்று முடியாது. 42-ஆவது நகர்த்தலில் யானையை ஏ7-க்குப் பின்வாங்கினார். அந்த ஒரு படி விலகலில், அதுவரை தடுத்தே பழகிய மனிதர் தன் சமையலறையை விட்டு வெளியே வந்துவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

இங்கே என் அடுப்படி உவமை ஓட்டையாகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் நீங்கள் சாம்பார் வைக்கும்போது எதிரே ஒருவர் நின்று அதில் கைநிறைய உப்பை அள்ளிப் போடுவதில்லை. சதுரங்கத்தில் சட்டி ஒன்று, கரண்டி இரண்டு. உங்கள் ருசி எதிராளிக்குக் கசப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவே சமைக்கிறீர்கள். அதனால்தான் எது ஆகச் சிறந்த நகர்த்தல் என்ற கேள்வியோடு இன்னொன்றும் ரேபிட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது, எது எதிராளியின் காஸை அதிகம் குடிக்கும்? கணினி பார்த்து முகம் சுளிக்கிற நகர்த்தல்கூட, எதிராளியை இரண்டு நிமிஷம் தலைசொறிய வைத்தால் ரேபிட்டில் நல்ல நகர்த்தலே.

அன்றைய மூன்றாவது ஆட்டம் அப்படித்தான் முடிந்தது. கார்ல்சன் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார், கர்யாகினின் கடிகாரம் வற்றியது, 38-ஆவது நகர்த்தலில் அவர் ஒரு சிப்பாயை வெட்டப்போக, கார்ல்சனின் யானை ஏ1-இல் வந்து உட்கார்ந்தது. கர்யாகின் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டிவிட்டார். மூன்று நிமிஷம் கையில் இருந்திருந்தால் அந்தச் சிப்பாயை அவர் தொட்டிருக்க மாட்டார்.

ஐம்பதாவது நகர்த்தல்

இப்போது நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். கர்யாகின் தாக்குதலுக்கு வந்துவிட்டார். ராணி எச்4-இல், யானை ஏ7-இல். 47-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ராணியால் எஃப்4-இல் இருந்த சிப்பாயை வெட்டினார். கருப்பு யானை ஏ2-க்கு ஓடிவந்து செக் சொன்னது. வெள்ளை ராஜா எச்1 மூலைக்கு ஒதுங்கினார். கருப்பு ராணி எஃப்2-இல் வந்து நின்றது. அடுத்த நகர்த்தலில் ஜி2-இல் ராணி, செக்மேட். கர்யாகின் பக்கம் எல்லாம் தயார், இலை போட்டாயிற்று, பரிமாற வேண்டியதுதான்.

அந்த அவசரத்தில் பின்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. கருப்பு ராஜா ஜி8-இல் தனியாக நின்றார். காவலுக்கு முன்னால் எஃப்7, ஜி7 சிப்பாய்கள், ஈ7-இல் ஒரு மந்திரி. ராணியும் யானையும் வெகுதூரம் போய்விட்டன.

சாதாரணமாக ஒரு நிலையில் ஆடக்கூடிய நகர்த்தல்கள் சுமார் 30, 35 இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு அதே அளவு பதில். இரண்டே அடியில் ஆயிரம் தாண்டிவிடும், 40 விநாடியில் நடக்கிற காரியமில்லை. ஆகவே தேர்ந்தவர்கள் முதலில் செக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், பிறகு வெட்டு, பிறகு மிரட்டல். காரணம் எளிது. செக் சொன்னால் எதிராளியின் கை கட்டப்பட்டுவிடும், பதில்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குச் சுருங்கும்.

எண்ணிப் பார்ப்போம். 49-ஆவது நகர்த்தல், வெள்ளை யானை சி1-இலிருந்து சி8-க்குப் போய்ச் செக். கருப்புக்கு இருக்கிற பதில் மூன்று. மந்திரியை டி8-இல் குறுக்கே வைக்கலாம், எஃப்8-இல் குறுக்கே வைக்கலாம், ராஜா எச்7-க்கு ஏறலாம். 35 எங்கே, 3 எங்கே. கர்யாகின் ராஜாவை எச்7-க்கு ஏற்றினார்.

கார்ல்சன் தன் ராணியை எடுத்து, எதிரி ராஜாவின் முகத்துக்கு நேராக, எச்6-இல் வைத்தார். செக். பக்கத்தில் தன் காய் எதுவும் காவலுக்கு இல்லை, யார் வேண்டுமானாலும் வெட்டலாம். பதில்கள் இப்போது இரண்டே இரண்டு.

ஒன்று, ராஜாவே ராணியை வெட்டுவது. அப்போது ராஜா எச்6-இல் நிற்பார். சி8-இல் இருக்கிற வெள்ளை யானை எச்8-க்கு நகர்ந்து, ஓரப் பாதை வழியாகச் செக். ராஜா எங்கே போவார்? ஜி5-ஐயும் எச்5-ஐயும் எஃப்5-இல் நிற்கிற இன்னொரு வெள்ளை யானை பார்த்துக்கொள்கிறது. ஜி6-க்கு எச்5 சிப்பாய் காவல். எச்7-இல் செக் சொன்ன யானையே கண் வைத்திருக்கிறது. செக்மேட்.

இரண்டு, ஜி7 சிப்பாய் ராணியை வெட்டுவது. சிப்பாய் எச்6-க்குப் போனதும் ஜி7 காலி. எஃப்5 யானை எஃப்7 சிப்பாயை வெட்டிச் செக், நடுவில் தடுக்க ஆளில்லை. ஜி8, எச்8 இரண்டும் சி8 யானையின் பாதையில். ஜி6-இல் மறுபடி அதே எச்5 சிப்பாய். செக்மேட். எஃப்2-இல் நிற்கிற கருப்பு ராணி அந்த யானையை வெட்ட முடியாதா? பாதை நேரானதுதான். குறுக்கே எஃப்3-இல் வெள்ளைச் சிப்பாய் நிற்கிறது. ஐந்தாவது நகர்த்தலில், சப்பென்று இருக்கிறதே என்று சொன்னோமே, அதே சிப்பாய்.

நம் பேச்சில் ஒருவரைக் கறிவேப்பிலை மாதிரி பயன்படுத்தினார்கள் என்றால் குறைதான் அது. வாசனைக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடும்போது ஒதுக்கிவிடுகிறார்கள் என்ற வருத்தம். பலகையில் அது வருத்தமில்லை. ஆட்டத்திலேயே விலையுயர்ந்த காய் ராணி, அதற்கு அங்கே ஒரே ஒரு வேலை, வெட்டுப்பட்டு ஒரு கதவைத் திறந்துவிடுவது. யார் வெட்டினாலும் ஏதோ ஒரு கதவு திறக்கும். தாளிப்பில் இலை பொரிந்ததும் வாசனை எண்ணெயில் இறங்கிவிட்டது, இனி இலை தேவையில்லை.

சி8 செக்குக்கு ராஜாவை ஏற்றாமல் மந்திரியை டி8-இல் வைத்திருந்தாலும் கதை மாறாது. யானை அதை வெட்டிச் செக், ராஜா எச்7 ஏறியே ஆக வேண்டும், மறுபடி எச்6-இல் ராணி. இதை வீட்டில் செய்து பார்த்தால்தான் ருசி தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கக் கார்ல்சனுக்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டியதில்லை. மூன்று பதில், பிறகு இரண்டு பதில், அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. ராணியைக் கொடுக்கலாம் என்று மூக்குக்கு எட்டியதே முக்கியம். நம்மைப் போன்றவர்களுக்கு ராணியைக் காவலில்லாத கட்டத்தில் வைப்பது கண்ணிலேயே படாது, கை கூசும். அவருக்கு அது ஏற்கெனவே பார்த்த படம். எஃப்5-இல் ஒரு யானை, கடைசி வரிசையில் ஒரு யானை, எச்5-இல் ஒரு சிப்பாய், இந்தக் கூட்டைச் சேர்த்துப் பார்த்ததும் சாம்பார் மணத்துவிடுகிறது.

கர்யாகின் இரண்டு வெட்டில் எதையும் செய்யவில்லை. கை நீட்டினார். ரேபிட் கணக்கு மூன்றுக்கு ஒன்று. அன்று கார்ல்சனுக்கு 26-ஆவது பிறந்தநாள்.

வருஷக்கணக்காக உழைத்துப் பெற வேண்டிய பட்டத்தை இப்படிப் பந்தி அவசரத்தில் தீர்க்கலாமா என்று ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு. 2012-இல் மாஸ்கோவில் ஆனந்த் கெல்ஃபாண்டை ரேபிட்டில்தான் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். 2018-இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் 12 ஆட்டமும் டிரா செய்துவிட்டு ரேபிட்டுக்கு வந்தார்கள். 2023-இல் அஸ்தானாவில் டிங் லிரனும் அப்படித்தான் உலக சாம்பியன் ஆனார். முணுமுணுப்பில் எனக்குப் பங்கில்லை. கல்யாணச் சமையல்காரரை முந்தின நாள் மாவரைப்பை வைத்து மட்டுமா எடைபோடுகிறோம்? இலையில் விழுவதையும் வைத்துத்தான். வயசானால் வேகம் போய்விடும் என்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை வென்றபோது ஆனந்துக்கு வயது 48, வழியில் அவர் தோற்கடித்தவர்களில் கார்ல்சனும் ஒருவர். கை வேகம் குறையலாம், மாவு பழசாகவில்லை.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு பலகையை எடுத்து வையுங்கள். வெள்ளை: ராஜா எச்1, ராணி எஃப்4, யானைகள் சி1, எஃப்5, சிப்பாய்கள் ஈ4, எஃப்3, எச்2, எச்5. கருப்பு: ராஜா ஜி8, ராணி எஃப்2, யானை ஏ2, மந்திரி ஈ7, சிப்பாய்கள் பி6, டி6, எஃப்7, ஜி7. வெள்ளை ஆட வேண்டும், அடுத்ததில் கருப்பு செக்மேட் செய்யக் காத்திருக்கிறது என்று மட்டும் சொல்லி, வீட்டில் சதுரங்கம் தெரிந்த யாரையாவது உட்கார வையுங்கள். கைபேசியில் 40 விநாடி வைத்துவிடுங்கள். விடையை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.